யாரு ஊட்டுப் புள்ளைன்னு கேட்டவன்

கருமத்தம்பட்டியில் வெங்கடபதியின் தறிக்குடோனில் மோகனப்பிரியா வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருசம் ஆகிறது. ஆறு தறி அவள் பொறுப்பு. காலை எட்டுக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வெளியே. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகியவள். ஆனால் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகவே கேட்கும். "புள்ளை கையில செல்லைக் குடுத்துப்போட்டு இவ பாட்டுக்குப் போயர்றா" என்று சொல்லாத வாய் அங்கே இல்லை.

கொடுக்காமல் என்ன செய்வாள்? மகள் தன்யஸ்ரீ ஆறாம் வகுப்பு. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எட்டு மணி வரைக்கும் வீட்டில் ஒண்டியாள். வாசலை ஒட்டி லாரிகள் பறக்கிற ரோடு. "தாப்பாளப் போட்டுட்டு உள்ளயே விளையாடு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவதில் அவளுக்கு ஒரு நிம்மதி. வாய் கிழியப் பேசுகிற மகராசிகளில் ஒருத்தியாவது, "எங்கூட்டுல வந்து உக்காந்திருக்கட்டும்" என்று சொன்னாளா? அதுதான் இல்லை!

செல்லில் ஆன்லைன் கேம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தவர் புருசன் வெள்ளியங்கிரி. டெம்போவில் துணி லோடு போட்டுக்கொண்டு ஈரோடு, பவானி என்று சுற்றுகிறவர். கேம் வயசைக் கேட்டது. மகளுக்குப் பதினொன்று என்று போட்டால் அது வராது, இது வராது என்று தொல்லை. தன் பிறந்த வருசத்தையே போட்டுவிட்டார். பேர் கேட்ட இடத்தில் மகள் பேரோடு ஊர்ப் பேரையும் சேர்த்து அடித்தார், பெருமையாம். நாற்பது வயசு ஆள் என்று சொன்னால் அதுவும் கதவை ஆவென்று திறந்துதானே வைக்கும்? ஊர் பேர் தெரியாத எவனும் உள்ளே வந்து பேசலாம்.

வந்தான். ஒரு புதன்கிழமை டிரான்ஸ்பார்மர் புகைந்து கரண்ட் போய்விட்டது. தறியெல்லாம் நின்றுபோக, ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தவள் கதவைத் தட்டக் கையை எடுத்தாள். ஜன்னல் வழியே ஓர் ஆம்பிளைக் குரல்.

"சொல்லு அம்மணி, நீ யாரு ஊட்டுப் புள்ளை?"

"டெம்போ வெள்ளியங்கிரி மவளுங்ணா. செக்போஸ்ட்டு தாண்டி மூணாவது ஊடு, பச்சக் கேட்டு."

"இப்ப ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

"நா மட்டுந்தானுங்ணா. அம்மா எட்டு மணிக்குத்தான் வரும்."

மோகனப்பிரியா கதவை இரண்டு கையாலும் இடித்தாள். மகள் திறந்ததும் செல்லைப் பிடுங்கி, "யார்றா நீ? எங்கிட்டப் பேசுடா!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஆள் போய்விட்டான்.

ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, மகள் அழுகையோடு சொன்னாள்: "நீதானம்மா சொன்ன! பெரியவங்க கேட்டா பதில் சொல்லாம நிக்கக் கூடாதுன்னு."

சொன்னாள்தான். இந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் பெரியவர்கள் முதலில் கேட்பது அந்தக் கேள்விதானே. கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வரிசையில். குழந்தை அப்பன் பேர், ஊர், வீடு எல்லாம் கணீரென்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் வளர்த்தவளுக்குத்தான் கெட்ட பேர். போன மாதம்கூட ஒரு சீர் வீட்டில் மகள் கூச்சப்பட்டு நின்றதற்குத் தொடையில் கிள்ளியிருந்தாள். கிள்ளிக் கிள்ளிப் பழக்கியது யாருக்கு உதவியிருக்கிறது பாருங்கள்! அவள் கை தானாகக் கீழே இறங்கியது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மூன்று வாரமாகப் பேசுகிறானாம். கேமில் இவள் பொம்மைக்கு ரெக்கை வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். ஸ்கூல் டிரஸ்ஸில் ஒரு போட்டோ கேட்டிருக்கிறான்.

"அனுப்புனியா?"

"இல்லம்மா."

"ஏங்கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா செல்லப் புடுங்கிப்போடுவ."

ராத்திரி வெள்ளியங்கிரி வந்து கேட்டதும் சொன்ன முதல் பேச்சே அதுதான். "செல்ல ஒடச்சு எறி. பொட்டப்புள்ள விசயம், வெளிய மூச்சு விடாத."

மோகனப்பிரியாவுக்கு வந்ததே கோபம்! "ஏனுங்க, திருட்டுத்தனம் பண்ணுனது அவன். ஒளிஞ்சுக்கறது நாமளா? ஒடச்சா அவனுக்கு என்ன நட்டமுங்க? அடுத்த தடவ எதுவா இருந்தாலும் இவ நம்மகிட்ட வாயத் தொறக்க மாட்டா. அது ஒண்ணுதான் நடக்கும்."

மறுநாள் லீவு போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேசன் போனாள். அவன் ஐடியைக் கொடுத்துப் புகார் எழுதினாள். வீட்டுக்கு வந்ததும், "நீங்க போட்ட வயச நீங்களே மாத்துங்க" என்று புருசனை உட்கார வைத்தாள். பேர் மாறியது, பேச்சு வசதி அணைந்தது, பட்டியலில் முகம் தெரிந்த பள்ளித் தோழிகள் மட்டும் மிஞ்சினார்கள். பாடம் முடித்து ஒரு மணி நேரம், ஹாலில் உட்கார்ந்துதான் விளையாட்டு. "யாராச்சும் என்ன கேட்டாலும் எங்கிட்ட வந்து சொல்லு. செல்லப் புடுங்க மாட்டேன், சத்தியமா" என்றாள். "நல்லாச் செல்லங் குடு" என்று வெள்ளியங்கிரி முனகினார். தெருவும் அதையேதான் சொன்னது. சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்து நாள் போயிருக்கும். சாயங்காலம் குடோனில் ஆறு தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, வாசலில் தன்யஸ்ரீ நின்றாள். மூச்சு வாங்கியது, கையில் செல். ஏதோ சொன்னாள். வாயசைவு புரியவில்லை, உதடு நடுங்கியது.

மோகனப்பிரியா ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டு வந்தாள். ஷிப்ட் நடுவில் ஒருத்தி ஆறு தறியையும் நிறுத்தினால் சும்மா விடுவாரா முதலாளி? வெங்கடபதி ஆபீஸ் ரூமிலிருந்து ஓடிவந்தார்.

"ஏனம்மிணி, என்ன பண்றே? நூலு கீலு அந்துபோச்சா?"

"எம்புள்ள பேசறது எனக்குக் கேக்கோணுமுங்க" என்றாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பேரை மாற்றினாலும் கேம் நம்பர் பழையதுதானே; அதைப் பிடித்து ஒரு புது ஐடியிலிருந்து பிரெண்ட் ரிக்வெஸ்ட் வந்திருந்தது. கூடவே ஒரு வரி: 'அம்மா ரொம்பத் திட்டுனாங்களா அம்மணி?' எத்தனை திமிர் இருந்தால் அதைக் கேட்பான்!

"நா பதிலே சொல்லலம்மா" என்றாள் மகள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சேர்த்தாள்: "அம்மா... அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். போட்டோ அனுப்பிட்டேன்."

பக்கத்துக் குடோன் தறிக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். மோகனப்பிரியா மகளின் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சரி கண்ணு. சொல்லிப்போட்டீல்ல, போதும். வா."

"வேலையப் போட்டுட்டு எங்க போற?" என்றார் வெங்கடபதி.

"ஸ்டேசனுக்குங்க. ஒண்ணு எழுதாம உட்டுப்போச்சு" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.