மாப்பிள்ளைக் கால்

பங்குனி மாத ஆட்டத்தை வைத்து ஒரு அணியை எடைபோடக் கூடாது என்று யாராவது சொன்னால், அவர் தோற்ற அணியைச் சேர்ந்தவர் என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டிவிடலாம். ஜெயித்தவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு டிவியில் கபடி பார்க்கிறேன். சீசன் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் பயிற்சி ஆட்டங்களைக்கூட ஒன்றுவிடாமல் பார்த்து, ஒன்றுவிடாமல் ஆத்திரப்படுகிறேன். "அது சும்மா ஆட்டம்லா, விடு" என்கிறார் என் வீட்டுக்காரர். சும்மா ஆட்டம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. சித்திரையில் அம்மன் கோயில் திருவிழா, கொடை என்போம். கொடைக்கு முந்தின நாள் கபடிப் போட்டி. பங்குனி முழுக்க அதற்கான பயிற்சி நடக்கும். பிசான நெல் அறுப்பு முடிந்து வைக்கோலும் வண்டியேறிப் போனபின், எங்கள் அணி மண்வெட்டியோடு ஒரு வயலில் இறங்கும். நெல்லின் அடித்தாளைச் செதுக்கி வரப்போரம் தள்ளி, தண்ணீர் தெளித்து மிதித்து, சாம்பலால் கோடு போடுவார்கள். எவ்வளவு செதுக்கினாலும் தாள்கட்டை குத்தத்தான் செய்யும். பங்குனியில் முதுகு கிழியாதவன் சித்திரையில் ஆட லாயக்கில்லாதவன் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

அந்த அணிக்குத் தலைவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. பகலில் டிராக்டர், சாயங்காலம் கபடி. இடது மூலையில் நிற்பார். எதிரணியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறவன் அந்தப் பக்கம் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டால் தீர்ந்தான், அவன் கணுக்கால் சித்தப்பா கையில் இருக்கும். உடும்புப் பிடி. பிடிபட்டவன் மூச்சு முட்ட நடுக்கோட்டை நோக்கித் தவழ்வதைப் பார்ப்பதைவிடப் பெரிய ஆனந்தம் எனக்கு அந்த வயதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் 'எங்க சித்தப்பா' என்று தொடங்கினாலே மற்ற பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவு பெருமை பேசி வைத்திருந்தேன்.

அந்த வருஷத்து முதல் பயிற்சி ஆட்டம் அக்கரை ஊர்க்காரர்களோடு. பங்குனியில் ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மதுரையில் அரசாங்க வேலை. ஊருக்காக ஆட லீவு போட்டு வந்திருந்தார். நல்ல நெட்டை. அவர் பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார், நேராக இடது மூலைக்கே போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் ஒழிந்தார் என்று நினைத்தேன்.

சித்தப்பா பின்னால் நகர்ந்தார். பக்கத்தில் நின்றவரும் நகர்ந்தார். நெட்டையர் காலை நீட்டிச் சித்தப்பாவின் முழங்காலைத் தொட்டுவிட்டு, திரும்பி, கல்யாணப் பந்தலில் நடக்கிற மாதிரி நடந்து கோட்டைத் தாண்டிப் போனார். ஒருத்தர்கூடக் கை நீட்டவில்லை. மறுபடி வந்தார், மறுபடி தொட்டார், மறுபடி போனார். இவர்கள் எல்லாம் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது.

"சித்தப்பா, காலப் புடிங்க! அங்கனதான நிக்காவ, புடிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏட்டி, சும்மா நிக்கியா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

பிடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார் அவர். சைக்கிளில் டீ கொண்டுவரும் அண்ணாச்சிதான் என்னைத் தேற்றப் பார்த்தார். "பங்குனி ஆட்டத்தப் பாத்துப் பதறாத தாயி. சித்திரையில பாரு நம்ம பயலுவள." இதை வாழ்க்கையில் முதன்முதலாக நான் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லும்போது அண்ணாச்சி மீசைக்குள் சிரித்தார் என்பதையும் கவனித்தேன், அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது. அந்த நெட்டையருக்கு என் அத்தையைப் பேசியிருந்தார்கள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, பாளையங்கோட்டைக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்க மாப்பிள்ளை, தேடி வந்த சம்பந்தம். கொடை முடிந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு. பரிசம் போடும் முன்னே பெண்வீட்டார் கையால் மாப்பிள்ளைக்கு அடிபட்டால் அதைவிடப் பெரிய அபசகுனம் எங்கள் சனத்துக்கு இல்லை. அதனால் அப்பா முதல் ஆட்டத்துக்கு முன்பே அணியைக் கூப்பிட்டு உத்தரவு போட்டுவிட்டார்.

"மாப்பிள கால்ல ஒரு கீறல் விழுந்துச்சு, ஒரு பயலும் என் மொகத்துல முழிக்கப்படாது. வந்தாருன்னா பைய ஒதுங்கிக்கிடுங்க."

ஒதுங்கிக்கொண்டார்கள். 'மாப்பிள்ளைக் கால் வருது, தள்ளு' என்று ஆட்டத்துக்குள் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொள்வார்களாம், இது நான் பிற்பாடு கேள்விப்பட்டது. எதிராளிக்கு வழிவிடுவதற்கு ஒரு மாதம் பயிற்சி எடுத்த கபடி அணி எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

கெட்ட பழக்கம் ஆள் பார்த்து ஒட்டுவதில்லை. மாப்பிள்ளைக்கு ஒதுங்கிப் பழகிய கால் மற்றவனுக்கும் ஒதுங்கியது. மேற்கே இருந்து வந்த சொத்தை அணிகளிடம் எல்லாம் தோற்றார்கள். சித்தப்பா பிடிக்கப் போவார், ஒரு கணம் யோசிப்பார், அதற்குள் கால் போயிருக்கும். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் டிராக்டரில் ஏற மாட்டேன் என்று அறிவித்தேன். அவர் வாங்கிவந்த கடலை மிட்டாயை மட்டும் வாங்கித் தின்றுவிட்டு, அதன் பிறகும் பேசாமல் இருந்தேன்.

அந்த மாதத்தில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அத்தைதான். அதுவரைக்கும் கபடி நடக்கும் வயலை எட்டிப் பார்க்காத அத்தை, கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையோடு நேராக வாய்க்கால் மேட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். நெட்டையர் பாடி வந்தால் என்னைவிடச் சத்தமாக "புடிண்ணே!" என்று கத்தினாள். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று வீட்டில் எல்லாருக்கும் பூரிப்பு. அம்மா அவள் தலையில் கூடுதலாகப் பூ வைத்து அனுப்பத் தொடங்கினாள். நானோ, எங்கள் அணிக்கு ரோஷமுள்ள இன்னொரு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று பூரித்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை வாசல்படியில் நின்று அப்பாவிடம், "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாண்ணே. நான் மேல படிக்கணும்" என்றாள்.

அப்பா சிரித்தார். "எந்தப் பொட்டப்புள்ளட்டி மொத நாளே சரின்னு சொல்லிருக்கு?"

அம்மா சிரித்தாள். எந்த மாப்பிள்ளை, என்ன பேச்சு என்று தெரியாமலேயே, எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். சித்தப்பா சிரித்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. எங்கள் வீடுகளில் பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வெட்கம் என்று பெயர். சும்மா இருந்தால் சம்மதம். அழுதால், பிறந்த வீட்டை விட்டுப் போகிற ஏக்கம். நிஜமாகவே வேண்டாம் என்றால் ஒரு பெண் எந்த மொழியில்தான் சொல்வாள்? பங்குனியில் நான் கபடிக்காகப் பட்ட ஆத்திரம் எல்லாம் வற்றிப்போய்விட்டது. இந்தச் சிரிப்பை நினைத்தால் வருகிற ஆத்திரம் மட்டும் வற்றவில்லை. அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது என்பதால் அது இன்னும் கூடுகிறது.

சித்திரையும் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே அக்கரைக்காரர்களோடு விழுந்தது. ஒலிபெருக்கி, குழல்விளக்கு, வயலைச் சுற்றிக் கயிறு கட்டிக் கூட்டம். சித்திரையில் பார் என்று அண்ணாச்சி சொன்னதை நம்பிப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். பார்த்தேன். நெட்டையர் வந்தார், எங்கள் ஆட்கள் ஒதுங்கினார்கள். மறுபடி வந்தார், மறுபடி ஒதுங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார்கள். அப்பா அவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அத்தை என் கையை உதறிவிட்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புடிண்ணே! அண்ணே, புடி!" என்று கத்தினாள். பங்குனியில் கத்தின குரல் இல்லை அது. பாதியில் உடைந்துபோனது.

"இப்பமே மாப்பிளயக் கட்டிப்போடச் சொல்லுதா பாரு" என்று யாரோ கேலி செய்ய, கூட்டம் சிரித்தது.

பாடுகிறவன் எதிரே நிற்கும்போது பிடிக்கிறவன் கண்ணை எடுக்கவே கூடாது. அது கபடியின் பாலபாடம். சித்தப்பா எடுத்தார். திரும்பி அத்தையைப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அணி ஆடிய லட்சணத்துக்கு அழவேண்டியதுதான் என்று நான் நினைத்தேன்.

அடுத்த நொடி சித்தப்பா பாய்ந்தார். கணுக்கால் கைக்குள் வந்துவிட்டது. நெட்டையர் உதறினார், இழுத்தார், இரண்டு கையையும் ஊன்றிக் கோட்டை நோக்கித் தவழ்ந்தார். எங்கள் அணி திகைத்து நின்றது. அப்புறம் பழைய பழக்கம் வந்து மொத்தமாக மேலே விழுந்தது. விசில் ஊதினார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற குழந்தை அழுதது.

எழுந்தபோது நெட்டையரால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. ஆனால் அவர் சிரித்தார். "இப்பத்தான் வே ஆட்டம் மாதிரி இருக்கு" என்று சித்தப்பாவின் தோளில் கைபோட்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார். நல்ல ஆட்டக்காரர். ஒரு மாதமாக வழி விட்டவர்கள் மேல் எனக்கு இருந்த அதே கடுப்பு அவருக்கும் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஒலிபெருக்கியில் யார் யாரோ பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டு நாற்காலிகள் காலியாகின. ஆட்டம் தொடர்ந்தது. அந்த ஒரு பிடியால் என்ன ஆகப்போகிறது? தோற்றோம், நன்றாகவே தோற்றோம்.

சகுனம் சரியில்லை, பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்று கொடை அன்றே அக்கரையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டு முற்றத்தில் நின்று சித்தப்பாவைத் திட்டினார்.

"ஒரு பாயிண்டுக்காண்டி தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்துட்டியேலே. ஒனக்கு அறிவு இருக்கா?"

சித்தப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டத் திமிரில் பிடித்துவிட்டேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. ஊரும் அவரை அப்படியே ஒரு முரடன் கணக்கில் எழுதிக்கொண்டது. அத்தை கத்தியது எதற்காக என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் விளங்கியிருக்கிறது. அதை அவர் யாரிடமும் விளக்கவில்லை. எனக்கு விளங்குவதற்கு நானே கல்யாணப் பேச்சில் உட்காரும் வயது ஆக வேண்டியிருந்தது. அத்தை அந்த வருஷம் கல்லூரியை முடித்துவிட்டு, மேலே படிக்க அதே பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரம் வேறு. கொடைக்கு மறுநாள் மதியம் வீட்டில் கிடாக் கறி. நல்லி எலும்பு எனக்குத்தான், அது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார். சித்தப்பா கடைசி இலையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பரிமாறியது அத்தை. சட்டியோடு என்னைத் தாண்டிப் போய், அடியில் துழாவி, என் நல்லியை எடுத்துச் சித்தப்பா இலையில் வைத்தாள். அதன் மேல் இன்னொரு அகப்பைக் குழம்பும் ஊற்றினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தோத்துட்டு வந்தவுகளுக்கு எதுக்கு நல்லி?" என்று கேட்டேன்.

அத்தை நிமிர்ந்தாள். பங்குனி பிறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தாள்.

"யாருட்டி தோத்தா?"

கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எச்சில் கையோடு எழுந்து நின்று, யார் எத்தனை பாயிண்டு என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அவளுக்குச் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன்.