வேலியோரத்து வெள்ளைப் பொடி

போன வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டு நின்றேன். கேரளத்துக் கொல்லங்கோட்டுக்கு அப்பால் ஒரு பணிக்கர் இருக்கிறார். சோழி பரப்பிப் பார்த்து, நமக்குக் கெடுதல் செய்தது யார் என்று பெயரோடு சொல்லிவிடுவார் என்று கேள்வி.

பெயரை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நானே நாக்கு நுனியில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு நாச்சம்மாள்!

சும்மா போய்ப் பெயரைச் சொன்னால் போதுமா? சாட்சி வேண்டாமா? வேலியோரத்தில் கிடந்த வெள்ளைப் பொடியில் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன்...

அங்கேதான் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. அதற்கு முன்னால், அந்த அளவுக்கு நான் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவசரமில்லை. எங்கள் ஊர் பஸ் எப்படியும் லேட்டாகத்தான் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் கூட்டில் இரண்டு வாத்து முட்டை குறைந்தது. என்னிடம் ஆறு வாத்து, ஒன்பது கோழி. எது என்றைக்கு இடும், எது நாள் விட்டு இடும் என்பது எனக்கு அத்துப்படி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் கண்ணை ஏமாற்ற முடியாது. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் லாரியைத் தட்டிப் பார்க்கிறார்களே — அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் ஒரு பிடி அரிசி எல்லை தாண்டியிருக்காது.

நாச்சம்மாளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். நாற்பது வருஷப் பழக்கம். என்னை விட இரண்டு வயது இளையவள், அதனால் அக்கா என்பாள். அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஏன் நாச்சா, என்ற வாத்து முட்டை ரெண்டு அந்தப் பக்கம் உருண்டு வந்துச்சா?"

"முட்டைக்குக் காலு மொளச்சுதுங்களாக்கா, வேலி தாண்டி வர்றதுக்கு?"

"முட்டைக்குக் காலு வேண்டாம். ஆளுக்குக் கை இருந்தாப் போதும்."

இது ஒரு பேச்சா? ஆனால் நாச்சம்மாள் குடத்தை அப்படியே கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஒன்றும் செய்யாதவள் எதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும்? சந்தேகம் எனக்கு அப்போதுதான் உறுதிப்பட்டது.

அன்று மத்தியானமே வேலியை ஒட்டி மூங்கில் தட்டி கட்டி, வாத்தையும் கோழியையும் உள்ளே அடைத்தேன். கதவுக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில். எங்கள் ஊரில் வாத்துக்கூட்டைப் பூட்டிய முதல் பெண்பிள்ளை நான்தான்.

தீனிக்குக் குறை வைத்தேனா? தவிடு, குருணை, தண்ணீர், எல்லாம் நேரம் தவறாமல் போயிற்று. ராணி மாதிரி இருந்தன. ஒரு மாதம் கழித்து முட்டை வந்தது பாருங்கள்... ஓடே இல்லை! வெறும் தோல். கையில் எடுத்தால் காற்றுப் போன பலூன் மாதிரி மடங்கிற்று. ஓடு இருந்த முட்டையும் வாத்து மேலே உட்கார்ந்தால் நசுங்கிற்று. நசுங்கினதைக் கோழி கொத்தித் தின்ன ஆரம்பித்தது. வீட்டுக்கு ஒரு முட்டை மிச்சமில்லை. நாலு அல்ல, நாற்பது தோல்முட்டையாவது குப்பையில் வீசியிருப்பேன்.

மருமகள் சரசு டிரான்சிஸ்டரில் விவசாய நிகழ்ச்சி கேட்கிறவள்.

"ஏனுங்கத்தை, முட்டை போடறதுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணுமாமுங்க. கால்சியம்னு ரேடியோவுல சொன்னாங்க."

"ரேடியோக்காரன் எத்தனை கோழி வளத்தறான்?"

பூட்டுப் போட்ட கூட்டுக்குள் முட்டை கெடுகிறது என்றால் அது தீனியால் வருமா? யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

காதைத் தீட்டிக்கொண்டேன். காலையில் நாச்சம்மாள் வீட்டிலிருந்து உரல் சத்தம். டொக்... டொக்... அவள் வீட்டில் ரேஷன் அரிசிதான், நெல் குத்துவது நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. அப்புறம் எதை இடிக்கிறாள்? இன்னொரு நாள் முழங்கை வரை வெள்ளையாக நின்றாள். மூன்றாம் நாள், என் கூட்டுக்குள், தட்டி இடுக்கு வழியாக ஒரு கோடு போட்ட மாதிரி வெள்ளைப் பொடி. தினமும் காலையில் புதுப்பொடி.

எலுமிச்சம்பழமாக இருந்தால் கூடப் பயந்திருக்க மாட்டேன். குங்குமம் என்றாலும் என்னவென்று தெரியும், கழித்துப் போட ஆள் இருக்கிறது. இது எந்த ஊர்ச் செய்வினை? எட்டு நாள் பார்த்தேன். பணிக்கரிடம் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சரசு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாமுங்கத்தை. நீங்க அங்க பேரச் சொன்னா, நீங்க ஊடு திரும்பறதுக்கு முன்னால அது ஊருக்குள்ள வந்துருமுங்க. அவீங்க பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறாங்க. செய்வினை வெக்கற ஊட்டுல ஆரு பொண்ணெடுப்பாங்க?"

"அத அவ பொடி தூவறதுக்கு முன்னால யோசிச்சிருக்கோணும்."

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் கூட்டைத் திறந்து உள்ளே குனிந்தேன்.

குனிந்த என்னைத் தள்ளிக்கொண்டு ஆறு வாத்தும் ஓடி வந்தன. என் கைக்கு முன்னால் அலகை வைத்து அந்தப் பொடியை வழித்து வழித்துத் தின்றன. தவிட்டுத் தொட்டியை ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செய்வினையை இவ்வளவு ஆசையாகத் தின்கிற வாத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

விரலில் எடுத்து நசுக்கினேன். மாவு இல்லை, நறநறவென்றது. அதில் நகம் அளவுக்கு ஒரு துண்டு, வரிவரியாக... கிளிஞ்சல்! பக்கத்தில் வைக்கோலில் அன்றைக்கு இட்ட முட்டை கிடந்தது. நகத்தால் தட்டினேன். டக்கென்றது. ஒரு மாதமாகக் கேட்காத சத்தம்.

"அத அள்ளாதீங்கக்கா. வாத்துக்குப் போட்டது." தட்டிக்கு அந்தப் பக்கம் முறத்தோடு நாச்சம்மாள்.

"என்னது இது?"

"கிளிஞ்சலுங்க. என்ற தம்பி சுண்ணாம்புக் காளவாயில வேலை செய்யறானில்லீங்க, சுடாததா ஒரு கூடை கொண்டாரச் சொன்னேன். ஒரலுல இடிச்சுப் போடறேன்."

"என்ற கூட்டுக்குள்ள எதுக்கு?"

"நீங்க தெனமும் தோல்முட்டையக் குப்பையில வீசறத எத்தனை நாளைக்குப் பாத்துட்டிருக்கறது? வாய்க்கால்ல நத்தை பொறுக்கித் தின்னுட்டு இருந்த வாத்தக் கொண்டாந்து அடச்சுப்போட்டீங்க. கோழியும் சுண்ணாம்பு இருக்கற சுக்கான்கல்லு பொறுக்கிட்டுத் திரிஞ்சுது, அதையும் அடச்சாச்சு. அப்பறம் ஓடு எங்கிருந்துங்க வரும்? பூட்டுலிருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. விட்டுவிடுவேனா?

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? கையில கொண்டாந்து குடுக்கறதுக்கென்ன?"

நாச்சம்மாள் சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்க போங்க! சுண்ணாம்பக் கையில குடுத்தாச் சண்டை வரும்னு நாப்பது வருசமாச் சொல்றது ஆருங்க? வெத்தலைக்குச் சுண்ணாம்பு கொண்டாந்தா, 'கீழ வெய்யி, கீழ வெய்யி'ன்னு பதறுறது ஆருங்க? ஏற்கெனவே பேச்சு இல்ல. இதையும் கையில குடுத்து இருக்கற சண்டையப் பெருசு பண்றதுங்களா?"

"அது சுட்ட சுண்ணாம்புக்கு. இது பச்சைக் கிளிஞ்சல்தான?"

"சுட்டாலும் சுடாட்டியும் சுண்ணாம்பு சுண்ணாம்புதானுங்க."

என் சட்டம்தான். நானே போட்டது. அப்போது பார்த்து ரோட்டில் ஹாரன் அடித்தது. பஸ் சரியான நேரத்துக்கு வந்தது என் நினைவு தெரிந்து அன்றைக்கு மட்டும்தான். நான் நகரவில்லை.

"ஆமாங்கக்கா, நல்ல சேலை கட்டிட்டு எங்க கெளம்பீட்டீங்க?"

"...கொல்லங்கோட்டுக்கு. வெத்தலை வாங்க."

"வெத்தலை வாங்கறதுக்கு வாத்துக்கூட்டுக்குள்ள வந்து பொடி அள்ளோணுமாக்கா?"

பின்னால் சரசு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் காகிதத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்று வரை நாச்சம்மாளிடம் உண்மையைச் சொல்லவில்லை. எனக்காவது எழுத்துக் கூட்ட வரும், அவளுக்கு அதுவும் வராது. நான் சொல்லச் சொல்லச் சரசு எழுதுகிற இந்தப் பக்கத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டாமல் இருந்தால் சரி. சரசுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் சரசுவை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

இப்போது பூட்டு இல்லை. இடித்த கிளிஞ்சலைத் தவிட்டில் கலப்பதில்லை. தனியாக ஒரு கொட்டாங்கச்சியில் வைக்கிறேன். வேண்டியதை வேண்டிய அளவு அதுவே தின்னும். குஞ்சுக்கு மட்டும் எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இது ஆகாது. சாயந்திரம் மறக்காமல் நிரப்பி வைக்கிறேன். ஓடு கட்டுவது ராத்திரியில்தானாம் — ரேடியோக்காரன் சொன்னான் என்று சரசு சொன்னாள். கோழி முட்டையின் ஓட்டையும் வறுத்துப் பொடித்துப் போடலாம். முழுசாகப் போட்டால் முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

அந்த முதல் இரண்டு முட்டை? அதுவும் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை பழையபடி விடிவதற்கு முன்னால் வாத்தைத் திறந்துவிட்டேன். ஏழு மணிக்கு வாய்க்கால் தண்ணீருக்கடியில், மணலில், வெள்ளையாக ஒரு முட்டை கிடந்தது. வாத்து காலையில்தான் இடும். இடுவதற்கு முன்னால் திறந்துவிட்டது யார்? நான்.

வெளியே இருக்கிற திருடனைப் பிடிக்கப் பூட்டுப் போட்டால், உள்ளே இருக்கிறதுதான் மெலிந்து போகிறது. முட்டை ஓட்டுக்கு மட்டுமா இது?

நேற்று ஆறு முட்டையை முந்தானையில் கட்டிக்கொண்டு நாச்சம்மாள் வீட்டுக்குப் போனேன். கையிலேயே கொடுத்தேன். முட்டைக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவள் வாங்கி, ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் தட்டினாள். காதோரம் வைத்து ஆட்டியும் பார்த்தாள்.

நாற்பது வருஷப் பழக்கம்... என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறாள், பாருங்கள்!