கொடி காட்டாமல் புறப்பட்ட வண்டி

மராத்தியில் ‘பஸ்’ என்றால் உட்கார். இந்தியில் ‘பஸ்’ என்றால் போதும். தமிழில் என்னவென்று உங்களுக்கே தெரியும். குடியாத்தத்திலிருந்து முதல் தடவை புனேவுக்கு வந்த என் மாமியார், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் பஸ்ஸு பஸ்ஸுன்றாங்களே, ஒரு பஸ்ஸையும் காணோமே” என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி நான் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நானும் என் நண்பனும் புனேவை ஒட்டிய கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்தவர்கள். இருவருடைய அப்பாக்களும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே தொழிற்சாலை. அவன் ஃபிட்டர். நான் இன்ஸ்பெக்‌ஷன். மற்றவர்கள் செய்து கொடுப்பதை அளந்து பார்த்து, இது சரியில்லை என்று திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். குறை சொல்வதற்கே சம்பளம் வாங்கியவன் என்று என் மனைவி சொல்வாள். அந்தக் குணம் வீட்டிலும் வெளியிலும் என்னை விடவில்லை.

வானவடியில் ஒரு பழைய பங்களாவின் பின்னால் பெரிய காலியிடம் இருந்தது. அதன் சொந்தக்காரர் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பைத்தியம். ஏழேகால் அங்குல அகலத்தில் தண்டவாளம் செய்து, மரங்களைச் சுற்றி வட்டமாகப் போட்டிருந்தார். அவரைச் சுற்றி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அதை ஒரு கிளப் ஆக்கினோம். ஞாயிறு மாலை யார் வேண்டுமானாலும் வந்து ஏறலாம். நீளமான பெஞ்சுக்குச் சக்கரம் வைத்ததுதான் பெட்டி. குதிரையில் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். புடவை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்காருவார்கள். மொத்தம் மூன்று பெட்டிகள். முன்னால் இழுக்கும் எஞ்சின் என் நண்பன் செய்தது. காயலான் கடையில் கிடந்த ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்து, செயின் பூட்டி, பிரேக் வைத்து, தகரத்தில் உடம்பு கட்டி, நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதில் கொட்டியிருந்தான். அதை ஓட்டும்போது அவன் முகத்தில் ஒரு களை வரும். இரண்டு பெண்கள் பிறந்தபோதுகூட இந்த மூஞ்சியை நான் பார்க்கவில்லை என்று அவன் மனைவி குறைப்பட்டுக்கொள்வாள்.

பொம்மை ரயில்தானே என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் ஏறி உட்கார்ந்த வண்டி தடம் புரண்டால், அது யார் கணுக்கால்மேல் விழும் என்று பார்த்துக்கொண்டா விழும்? அதனால் பாதுகாப்பு விதிகளை நானே எழுதி, வண்டி நிறுத்தும் கொட்டகையில் மாட்டி வைத்தேன். வண்டி எடுப்பதற்கு முன்னால் தண்டவாளம் முழுவதும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். இணைப்புகளில் போல்ட் தளர்ந்திருக்கிறதா, இடைவெளியில் யாராவது கல்லைச் சொருகியிருக்கிறார்களா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஆளில்லாமல் ஒரு சுற்று ஓட்டி பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆட்கள் ஏறிய பிறகு கார்டு முன்பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை நடந்து, கால் பலகைமேல் இருக்கிறதா, முந்தானை செருகியிருக்கிறதா, கை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் விசில், பச்சைக் கொடி. இரண்டும் வேண்டும். டிரைவர் திரும்பிக் கொடியைக் கண்ணால் பார்த்த பிறகே பிரேக்கை விட வேண்டும். கார்டு நான்தான்.

அந்த விதியை முதலில் மீறியவனும் நான்தான். தீபாவளி லீவு. ஞாயிறுதோறும் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நடைக்கும் விசிலை வாயில் வைத்து, கொடியை உருவி, அவன் திரும்பும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. கடைசிப் பெட்டி நிறைந்ததும் “பஸ்!” என்று கத்தினேன். போதும், நிறைந்துவிட்டது, எடு என்று அர்த்தம். அவன் எடுத்தான். அடுத்த நடைக்கும் அப்படியே. இரண்டு வாரத்தில் அது பழக்கமாகிவிட்டது; மற்றவர்கள் வாசலில் வரிசையைப் பார்த்துக்கொண்டதால் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் அவனே கேட்டான், “கொடி இன்னாடா ஆச்சு?” என்று. “என் குரல் உனக்குக் கேக்குதில்ல, அப்புறம் கொடி எதுக்குடா?” என்றேன். சரி என்று தலையாட்டினான். நான் சொன்னால் அவனுக்குப் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தி சாயும் நேரம். கடைசி நடைக்கு முந்தைய நடை. கடைசிப் பெட்டியில் அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு மராட்டிய அம்மா, மகனையும் மருமகளையும் வேலியோரம் நிற்க வைத்துவிட்டு, ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். முந்தானையைச் செருகச் சொன்னேன், செருகினார். நான் திரும்பி முன்னால் பார்த்த நேரத்தில், செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்துவிட்டதென்று அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கோபம். அன்றைக்கு முதல் நடையிலிருந்து தொண்டை கட்டும்வரை எத்தனை பேருக்கு உட்கார் உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். “பஸ்! பஸ்!” என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

எஞ்சின் சத்தத்தின் ஊடே முன்னால் இருந்தவனுக்கு அது தெளிவாகக் கேட்டது. வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. நின்றிருந்த அம்மா ஜல்லிமேல் சாய்ந்து விழுந்தார். கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை கேட்டிருக்காது. மருமகள் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். மகன் மட்டும் இருந்து, யார் பதில் சொல்லப் போகிறீர்கள், நான் போலீஸுக்குப் போவேன் என்று சத்தம் போட்டார்.

கூட்டத்தை அனுப்பிவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தோம். ராணுவக்காரர் நடுவில், நாங்கள் சுற்றி, அந்த மகன் வாசலில் நின்றபடி. ராணுவக்காரர் இந்தியில் விசாரித்தார். கொடி காட்டப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் வண்டியை ஏன் எடுத்தாய் என்று அவனிடம் கேட்டார். “இவன் ‘பஸ்’ சொன்னான், எடுத்தேன்” என்றான். சொல்லும்போது அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது என்ன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். போலீஸ் கேஸ் என்றால் சஸ்பென்ஷன். அது ஒன்று. ஆனால் அதைவிட, சுவரில் என் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த விதிகள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் கொடியைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வாயால் வண்டி விட்டிருக்கிறான் என்று தெரிந்தால், அந்தக் கொட்டகைக்குள் நான் எப்படி நிற்பேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

“நான் ‘பஸ்’னு சொல்லல. அந்த அம்மாவைப் பாத்து ‘பஸா’ன்னு சொன்னேன்” என்றேன்.

மராத்தி தெரியாதவர்களுக்கு இது விளங்காது. ‘பஸ்’ என்றால் உட்காரு. ‘பஸா’ என்றால் உட்காருங்கள். வெளி ஆளான ஒரு வயதான அம்மாவிடம் யாராக இருந்தாலும் ‘பஸா’ என்றுதான் சொல்வார்கள். மராத்திக்காரர் ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால், கோபத்திலும் அவர் வாயில் அதுதான் வந்திருக்கும். என் மராத்தி தெருவில் கற்றது, அதில் மரியாதை கிடையாது. ஆனால் அங்கே இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. ஒரு பெரியம்மாவை நான் உட்காருடி என்கிற மாதிரி அதட்டியிருப்பேன் என்று யார் நினைப்பார்கள்? வாசலில் நின்ற மகன்கூடத் தலையசைத்தார்.

என் நண்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தமிழில், மெதுவாக, “‘பஸா’ன்னா சொன்ன?” என்று கேட்டான்.

“ஆமாடா.”

சரி என்று தலையாட்டினான். பிறகு ராணுவக்காரரிடம், எஞ்சின் சத்தத்தில் எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, தப்பு என்னுடையது என்றான்.

பயணிகள் வண்டியை இனி அவன் ஓட்டக் கூடாது என்று முடிவாயிற்று. மறுநாளே அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். மகன் போலீஸுக்குப் போகவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. எஞ்சினை அவன் கிளப்புக்கே விட்டுவிட்டான். இரண்டு மூன்று ஞாயிறு வந்து ஜல்லி கொட்டினான், புல் பிடுங்கினான். வேறொருவர் ஓட்டுவதை நின்று பார்த்தான். பிறகு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அவன் வராமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிளாட்பாரத்தில் யாரும் வாயால் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, விசிலும் கொடியும் மட்டும்தான் என்று புதிய விதி ஒன்றை எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகு நான் இருந்த வருடங்களில் அங்கே ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் அந்த விதிக்காக எனக்குக் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. தொழிற்சாலையில் அவனும் நானும் வேறு வேறு பிரிவு, கேட்டில் பார்த்தால் கையைத் தூக்குவோம், அவ்வளவுதான். ராணுவக்காரருக்கு வயதாகிவிட்டது. கண்ணை மூடுவதற்குள் அந்த எஞ்சினைச் செய்தவனே அதை ஒரு சுற்று ஓட்டுவதைப் பார்க்க வேண்டும், பழைய தடையை எடுத்துவிட்டேன், போய்ச் சொல் என்று என்னைத்தான் அனுப்பினார்.

அவன் அப்போது ஏரவாடாவில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டு போயிருந்தான். என்னைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். விஷயத்தைச் சொன்னேன். என்ன சொன்ன, என்ன சொன்ன என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். “நக்கோடா, வேணாம். ஆளுங்க ஏர்ற வண்டி. என் காதை நம்பி எடுக்க முடியாது.”

காதுக்கு என்ன என்று கேட்டேன். பதில் சொன்னது அவன் மனைவி. “காதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. ஃபேக்டரி ஆஸ்பத்திரியில ரெண்டு வாட்டி டெஸ்ட் பண்ணிட்டாங்க. இவருதான் நம்ப மாட்றாரு. கிரேன் ஓட்ட பாஸ் பண்ணி, ஆர்டரும் வந்துச்சு. கீழருந்து ஆளு கத்தறது எனக்கு தப்பா கேட்டுட்டா ஒருத்தன் சாவான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. ஸ்கூட்டரையும் வித்தாச்சு. பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா மூணு வாட்டி கேக்கறாரு.”

அவன் ஓட்டும் உரிமை போயிற்று என்று மட்டும்தான் அத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிரேன் வேலை அவன் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்த வேலை.

அவன் என் முழங்கால்மேல் கையை வைத்தான். “உனக்கு நான் ஒண்ணு சொல்லணும்டா. அன்னைக்கி நீ நெனச்சிருந்தா, ஃப்ரெண்டாச்சேன்னு, நான்தான் ‘பஸ்’ சொன்னேன்னு எனக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. சொல்லியிருந்தா நான் கிரேன்ல ஏறியிருப்பேன், யாரையாவது கொன்னுருப்பேன். நீ உண்மைய சொன்னதாலதான் எனக்கு என் காது தெரிஞ்சுது.”

சொல்லிவிட்டேன். அப்போதும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. நான் சொன்னது ‘பஸ்’தான், ‘பஸா’ இல்லை, பயத்தில் மாற்றிச் சொன்னேன், உன் காது சரியாகத்தான் கேட்டது என்று, அவன் மனைவி நிற்கும்போதே, குழறிக் குழறிச் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

அவன் முழுவதையும் கேட்டான். இந்த முறை திருப்பிச் சொல்லு என்று கேட்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். அவனுக்கு என்மேல் பரிதாபம்தான் வந்தது.

“எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு, இந்த வயசுல எனக்காகப் பொய் சொல்றியாடா” என்றான். “வேணாண்டா. நீ அப்படி சொல்ற ஆளு இல்ல.”

பிறகு ஆறிப்போயிருந்த என் டீயை எடுத்து, சூடு பண்ணிக்கொண்டு வா என்று மனைவியிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.