தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு கை

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸிலிருந்து நான்கு குடும்பங்கள் ஆபீஸ் வேனில் ஏரிக்கரைக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோதுதான் அந்த டிரைவரைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, மே மாத வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். பேச்சு தமிழ்தான், நடுவில் ஆமாமுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் வரும்.

வேன் கூரையிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்து, இரண்டு இரும்புக் கம்பிகளில் நிறுத்தி, எங்களுக்கு நிழல் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சாப்பிடும்போதுகூட இடது கை கயிற்றில்தான் இருந்தது. நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

மத்தியானம் குழந்தைகள் அந்த நிழலில் தூங்கினார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அவர் என்னிடம் வந்து, "பிள்ளைங்கள எழுப்புங்க சார், இத இறக்கிடலாம்" என்றார்.

"இந்த வெயில்லயா? கொஞ்சம் தூங்கட்டுமே" என்றேன்.

"நக்கோ சார், வேண்டாம். எழுப்புங்க."

அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் பிள்ளைகளை எழுப்பினார்கள்.

அவர் ஒரு கயிற்றை அவிழ்ப்பதற்குள் காற்று வந்துவிட்டது. தார்ப்பாய் உப்பி மேலே போயிற்று. மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்ட கம்பி ஒன்று சுழன்று வந்து, என் மகளின் தலையணையைக் கிழித்துக்கொண்டு போனது.

காற்று ஓய்ந்ததும் கிழிந்த தலையணையைக் கையில் எடுத்தேன். "எப்பவும் இப்படித்தான் பயப்படுவீங்களா?" என்று அவரிடம் கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை.

"ஹவ் சார்" என்றார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "ஒரே ஒரு தடவ பயப்படாம இருந்துட்டேன்."

கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.