நிழல் மேசை

எங்கள் ஆட்களுக்கு மானம் பெரிது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் முகம் முறியும். அதற்காக ரொறன்ரோவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே நாளில் ஒரே பார்க்குக்குப் போய்த் தற்செயலாகச் சந்திப்பது. பிடித்தால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் மேசைக்கு வந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை பாருங்கள், எவ்வளவு நாகரிகம்!

எனக்கு அப்போது எட்டு வயது. ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது, ஆமை பார்க்கலாம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பார்க்கப்படப்போவது சின்னம்மா என்று யாரும் சொல்லவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் எங்களோடுதான் இருந்தார். ஊரில் ஷெல் பட்டதில் இடது கால் கொஞ்சம் கட்டை, நடந்தால் ஒரு பக்கம் சாய்வார். அந்தக் காலோடுதான் பிஸ்கட் தொழிற்சாலையில் முழு ஷிப்டும் நின்றார். அங்கே அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் அம்மா காலைப் பற்றி மூச்சு விடவில்லை. முகம் பிடித்துப்போனால் பிறகு சொல்லிக்கொள்ளலாமாம்.

“இருந்த இடத்தை விட்டு எழும்பாதை,” என்று வாகனத்தில் வரும்போதே அம்மா சொல்லிவிட்டார். எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் அழுதேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மரத்தடியில் நல்ல நிழல் மேசை. எங்களுக்கு வெயில். கூடச் செய்துவிட்டோம் என்று சொல்லி, சின்னம்மா பொரித்த மட்டன் றோல்ஸை அம்மா ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றாகத் தின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் இங்கே பார்த்துச் சிரித்தார். அப்பாவின் முகம் தெளிந்தது.

நான் ஆமை பார்க்கவேண்டும் என்று சிணுங்கத் தொடங்கினேன். அம்மா கண்ணை உருட்டினார். சின்னம்மா நிழல் மேசையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைப் போட்டார்.

“வா, போவம்.”

நடைபாதை எங்கள் மேசைக்குப் பின்னாலேயே தொடங்கியது. சின்னம்மா அதை விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் புல்வெளி முழுவதையும் அவசரமில்லாமல் ஆறுதலாகக் கடந்தார்.

“ஏன் இதால சுத்திப் போறம்?” என்று கேட்டேன்.

“இதாலதான் போகவேணும்.”

ஆமை ஒன்று எங்களைக் கண்டதும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. திரும்பி வந்தபோது அவர்களைக் காணவில்லை. றோல்ஸ் தட்டு மட்டும் கழுவித் துடைத்து எங்கள் மேசையில் இருந்தது. நிழல் மேசை எங்களுக்கு என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தார், ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அன்று முழுக்க அவர் சின்னம்மாவோடு கதைக்கவேயில்லை. தட்டைக் கழுவி வைத்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சின்னம்மா மட்டும் வந்து என் பக்கத்தில், நிழலில் இருந்தார்.

“நல்ல இடம், என்ன?” என்றேன்.

“ஓம்,” என்றார். கைகள் இரண்டையும் மடிக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். ஏரிக்காற்றில் குளிர்கிறதாக்கும் என்று என் சுவெற்றரை எடுத்து அவர் மடியில் போட்டேன்.