சோளம் வயிற்றுக்கா, வண்டிக்கா?

என் மனைவிக்கு விலையை ஏற்றத் தெரியாது. மிக்சர் போட்டு விற்கிற ஒருத்திக்கு இது சின்னக் குறை அல்ல. மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. கடலை வறுபடும் வாசனையை வைத்தே அடுப்பைக் குறைக்கச் சொல்லுவாள்; அவள் சொன்ன பிறகுதான் எனக்கு வாசனையே வரும். ஆனால் ஒரு பைக்குப் பத்துப் பென்ஸ் கூடக் கேட்கச் சொன்னால், களவெடுக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்ப்பாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அவளுக்கு விடியுமுன்பே வேலை. முதல் பஸ் பிடித்துப் போய், நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். வந்து கொஞ்சம் கண்ணயர்ந்து, மத்தியானத்துக்குப் பிறகு மிக்சர் போடத் தொடங்குவாள். கடலை, ஓமப்பொடி, கறிவேப்பிலை, அதோடு பொரித்த கோன்ஃபிளேக்ஸ். இந்தக் கோன்ஃபிளேக்ஸ்தான் அவளுடைய கைராசி. அக்கம்பக்கத்துத் தமிழ்க் கடைகள் நாலைந்து மிக்சரை வாங்கி வைத்தன, பைகளும் விற்றுப்போயின. மிக்சர் ஒருநாள் தன்னைத் தூக்கிவிடும், அன்றைக்கு அந்த அலுவலகத்துத் துடைப்பத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நடுமுதுகில் ஒரு நோவு இருந்தது. அதைப் பற்றி மட்டும் சொல்லமாட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சோளம் விலை ஏறியது. முதலில் சோள எண்ணெய் ஏறியது. அவள் அதில்தான் பொரிப்பாள். பிறகு சோளத்தில் செய்கிற கோன்ஃபிளேக்ஸும் ஏறியது. மொத்தக் கடையிலிருந்து எண்ணெய்த் தகரங்களைத் தூக்கி வரும்போது என் கைக்குப் பாரம் அதே பாரம், அவள் முகத்தில் மட்டும் கூடிக்கொண்டு வந்தது. மிக்சரில் மிஞ்சியது தேய்ந்து, கடைசியில் சும்மா கிடந்து பொரிக்கிறாளோ என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. விலையைக் கூட்டச் சொன்னேன்.

"எல்லாம் தெரிஞ்ச சனம். போன கிழமை ஒரு விலை, இந்தக் கிழமை ஒரு விலை எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது?"

இது அவளுடைய பிடிவாதம் மட்டுமல்ல, வளர்ந்த விதம். அவள் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கிளாக்கரின் மகள். அவர்கள் வீட்டில் சம்பளம் மாதத்தில் ஒருநாள் வரும். சாமான் விலை மற்ற எல்லா நாளும் ஏறும். விலை ஏற்றுகிறவன் என்றால் அவர்களுக்குப் பதுக்கல்காரன், பகல் கொள்ளைக்காரன். நானோ வெங்காயமும் மிளகாயும் வைத்த தோட்டக்காரனின் மகன். வெளிநாட்டு வெங்காயத்தை அரசாங்கம் நிற்பாட்டி, எங்கள் வெங்காயம் விலை ஏறிய காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது, அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. விலை விழுந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் பேசமாட்டோம். இப்படி இரண்டு வீட்டுப் பிள்ளைகளைச் சாதகம் பார்த்துச் சேர்த்து வைத்தவர்கள் இந்தப் பொருத்தத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

சோளம் ஏன் ஏறியது என்பதற்கு எங்கள் வீட்டு முன்னறையில் விளக்கம் சொன்னவர் எட்மண்டன் அண்ணை. வடக்கு லண்டனில், எட்மண்டனில் இருந்து ஞாயிறு தவறாமல் வருவார், அதனால் அந்தப் பெயர். பேப்பர் ஒன்று விடாமல் படிக்கிறவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விழாக்களை நடத்துகிறவரும் அவர்தான். அமெரிக்கன் சோளத்தைக் காய்ச்சிச் சாராயமாக்கி, எதனோல் என்று பெயர் வைத்துப் பெற்றோலுக்குள் விடுகிறான், பிறகு சோளம் ஏறாமல் என்ன செய்யும் என்று அவர் ஒரு ஞாயிறு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் வேலையால் வரும்போதெல்லாம் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய கோன்ஃபிளேக்ஸை நான்தான் கார் காராகப் பார்த்து ஊற்றிவிட்டு வந்தேனாம். எங்கள் பம்பில் ஒரு சொட்டுச் சோளமும் இல்லை என்று நான் சொன்னது காதில் ஏறவேயில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணை வேறு காரணங்களோடு வந்தார். சோளம் விளைகிற பக்கத்தில் வானம் ஏமாற்றிவிட்டதாம். உலகம் இறைச்சி கூடச் சாப்பிடத் தொடங்கிவிட்டது, அந்த மாட்டுக்கும் பன்றிக்கும் போகிற சோளம்தான் பெரிய பங்காம். களஞ்சியங்களும் காலியாம். அதற்கு மேலே, சோளம் இந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் அந்தச் சாராய ஆலைகளிலேயே சிலவற்றை மூடிவிட்டார்களாம்.

"அப்ப சாராயமும் இல்லை, சோளமும் இல்லையோ?" என்று கேட்டாள் மனைவி. அண்ணையின் முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன்.

பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்புத் தேடித் தேடி அலுத்துப் போயிருந்தார் மனிதர். குடும்பத்தைக் காப்பது கணவனா மனைவியா என்று வருடா வருடம் பேசிச் சபைக்கும் அலுத்துவிட்டது. இந்த வருடம் "சோளம் வயிற்றுக்கா, வண்டிக்கா" என்று அறிவித்தார். அணி பிரிப்பதில்தான் எங்கள் ஆட்களின் மூளை வேலை செய்தது. ஒருவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பது எங்கள் வழக்கமில்லை. என்ன தொழில் என்று பார்த்தார்கள். பெற்றோல் நிலையத்துக்காரன் வண்டிக்கு. மிக்சர்க்காரி வயிற்றுக்கு. வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிற இரண்டு பேர் மேடையில் எதிரும் புதிருமானோம்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே இரகசியம்தான். அவள் சட்டிக்கு முன்னால் நின்று முணுமுணுப்பாள். நான் குசினிக்குள் போனால் வாயை மூடிக்கொள்வாள். நான் பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து, காருக்கும் காருக்கும் இடையில் பேசிப் பழகினேன். ஒரு டாக்ஸிக்காரன் நான் அவனைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தான்.

விழா அன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. நடுவர் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர். தான் டாக்டர் என்பதால் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் சாயக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்கள் அணியில் முதலில் பேசியவர் எண்ணெய்க் கிணற்றுக்காக நடக்கும் சண்டைகளைச் சொன்னார். மண்ணிலே விளைவதை ஊற்றி ஓடினால் யாரிடமும் கையேந்த வேண்டாம் என்றார். ஊரில் பெற்றோல் தடைசெய்யப்பட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற சனத்துக்குச் சோளத்தில் ஓட்டுவது பெரிய வித்தையா என்று கேட்டபோது சபை சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஓட்டுகிற தம்பியோ தகப்பனோ இன்னும் ஊரில் இருந்தார்கள்.

மனைவியின் முறை வந்தது. பழமொழி இல்லை, பாட்டு இல்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு கார் குடிக்கிற சோளத்தை ஒரு குடும்பம் எத்தினை நாள் சாப்பிடும் எண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். விலை ஏறினா முதல்லை குறையிறது அம்மாவின்ரை சாப்பாட்டுக் கோப்பைதான்."

கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. எனக்கும் கையைத் தட்டவேண்டும் போலிருந்தது. அணித்தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது நான். பட்டிமன்றத்தில் எதிரணியில் பேசிய பெண்ணைச் சகோதரி என்று சொல்வதுதான் மரபு. பழக்க தோஷத்தில் நானும் "எதிரணிச் சகோதரி சொன்னது போல" என்று தொடங்கிவிட்டேன். மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே சிரித்தார். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபை இனி நான் என்ன சொன்னாலும் சிரிக்கத் தயாராகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பழகி வைத்திருந்த புகை, காற்று, அரபு நாட்டு எண்ணெய் எல்லாம் அந்தக் கோபத்தில் மறந்துபோய், வாயில் வந்ததைப் பேசினேன்.

"அந்தச் சகோதரிக்கு ஒண்டு சொல்லோணும். சோளம் வண்டிக்குப் போனா என்ன, மாட்டுக்குப் போனா என்ன, அதை விளைவிச்சவனுக்கு ஒரு நல்ல விலை வருது. விலை கேக்கிறவன் எல்லாம் கள்ளன் இல்லை. விலை கேக்க வெக்கப்பட்டவன்தான் கடைசியிலை தோட்டத்தையும் விட்டுப்போட்டு, ஆரோ ஒருத்தன்ரை இடத்தைத் துடைப்பத்தாலை கூட்டப் போறான்."

'கூட்டப் போறான்' என்பதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது. சபை தோட்டக்காரனை நினைத்துத் தலையாட்டியது. அவள் ஆட்டவில்லை. மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து என்னை நேரே பார்த்தாள். மிச்சத்தை எப்படிப் பேசி முடித்தேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

தீர்ப்பு வயிற்றுக்குத்தான். "முதல்ல வயிறு, மிச்சமிருந்தா வண்டி. ஆனா விளைவிச்சவனுக்கு ரெண்டு பக்கமும் விலை வரணும், இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்று டாக்டர் முடித்தார். எங்கள் அணி தோற்றது. எட்மண்டன் அண்ணை எனக்கும் கைகொடுத்தார். பஸ்ஸில் அவள் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டில் உப்புச் சரியாக இருந்தது, பேச்சுத்தான் இல்லை. பட்டிமன்றம் கண்டுபிடித்தவனை மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அந்தக் கிழமை மிக்சர்ப் பெட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக நானும் போனேன். முதல் கடையில் பெட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். அவள் முதலாளியிடம் புது விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் மழை பொய்த்ததிலிருந்து களஞ்சியம் வரைக்கும் சொல்ல ஆயத்தமாக வந்திருக்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. முதலாளி ஓம், சரி என்றார். ஒரு பேனையை எடுத்துப் புது விலையைச் சின்ன மட்டையில் எழுதி ஒட்டிவிட்டு, வாழைப்பழப் பெட்டியை உடைக்கப் போய்விட்டார். அவ்வளவு மழையும் களஞ்சியமும் அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

நாங்கள் வெளிக்கிடும்போது தடித்த கோட்டுப் போட்ட அம்மா ஒருவர் மிக்சர்ப் பைகள் இரண்டைத் தூக்கினார். மட்டையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆர் இப்பிடி விலை ஏத்தினது என்று பொதுவாகக் கேட்டார். நான் மெதுவாக மனைவியின் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான்தான் அம்மா. எண்ணெயும் சோளமும் ஏறிப்போச்சு. என்ரை உழைப்பும் அதுக்குள்ளை கிடக்கு."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பையைத் திரும்ப வைத்தார். மற்றதைக் கூடையில் போட்டுக்கொண்டு மரக்கறிப் பக்கம் போனார். வழியெல்லாம் மனைவி, திரும்ப வைத்த பையைப் பற்றிப் பேசவேயில்லை. கூடையில் போட்டதைப் பற்றித்தான் பேசினாள்.

இரண்டு கடைகளில் விற்பனை கொஞ்சம் விழுந்தது. ஒரு கடை முன்பை விடக் கூடப் பைகள் கேட்டது. கோடையில் சோளம் என்ன ஆனது, அமெரிக்கன் எதை எதற்குள் விட்டான் என்று எட்மண்டன் அண்ணை தொடர்ந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஏறினால் ஏறட்டும், இறங்கினால் நானும் இறக்குவேன் என்று அவள் பொரித்துக்கொண்டே பதில் சொல்லுவாள். பிறகு நாங்களும் சில பைகள் கூடப் போட வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உதவிக்கு வந்தாள்.

இலை உதிர்கிற காலத்தில் ஒரு திங்கட்கிழமை, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். வெளியில் இன்னும் இருட்டு. முதல் பஸ் அப்போதுதான் தெருமுனையைத் தாண்டிப் போனது. வீட்டில் குசினி வெளிச்சம் இல்லை, தேத்தண்ணி வாசனை இல்லை. அவள் படுத்திருந்தாள். நோவு கூடிவிட்டதோ, காய்ச்சலோ என்று குனிந்து நெற்றியைத் தொட்டேன். என் கைதான் குளிர்ந்திருந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அலுவலகத்து வேலைக்கு இனி வரமாட்டேன் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாளாம்.

"இஞ்சாருங்கோ, விடிஞ்சாப்பிறகு எழுப்புங்கோ."

கோட்டைக் கழற்றினால் சத்தம் கேட்கும் என்று அப்படியே கட்டிலோரத்தில் இருந்தேன். யன்னல் வெளுக்கும் வரைக்கும் அசையவில்லை.