ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் போகும் நாள்

வருடத்தில் ஒரு நாள் காலையில் தையற்காரம்மா வீட்டில் மட்டும் கரண்ட் போய்விடும். எதிர் வீட்டு மிக்ஸி அலறிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் ராத்திரி அணைக்க மறந்த வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இவர்கள் வீட்டு மின்விசிறி மட்டும் இரண்டு சுற்று தயங்கிவிட்டு நின்றுபோகும்.

"இன்னிக்குமா?" என்பார் அவள் கணவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு.

"பழைய வயரிங்குங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அடுப்படியிலிருந்து அவள் குரல் மட்டும் வரும். அவளே பிடுங்கிய பீஸ் கட்டை அரிசி டப்பாவுக்குள் இருக்கும். ரேடியோவில் 'நம் ஊர், இந்த நாள்' முடிகிற நேரம் பார்த்து அதை எடுத்து, ஊதித் துடைத்து, திரும்பச் செருகுவாள். அவர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பார். வீட்டில் புழுக்கமாக இருக்கிறது, போகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மற்ற நாட்களில் அந்த நிகழ்ச்சிதான் அவருக்குக் காலைக் காப்பி மாதிரி. செய்தி முடிந்ததும் வரும். இத்தனை வருடம் முன்பு இதே நாளில் முதல் சிக்னல் விளக்கு வைத்தார்கள், நகராட்சி நீச்சல் குளத்தைத் திறந்தார்கள், ரொட்டிக் கடை தீப்பிடித்தது, நம் பந்தாட்டக் குழு தோற்காமல் திரும்பியது. "குழாய்ல தண்ணி வந்ததுக்கெல்லாம் வருஷா வருஷம் விழாவா? நம்ம கல்யாண நாளு உங்களுக்கு ஒரு தடவையாவது ஞாபகம் இருந்திருக்கா?" என்று அவள் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். "அத ரேடியோவுல சொல்ல மாட்டேங்கறானே," என்பார் அவர்.

அந்த நிகழ்ச்சியில் அவரும் இரண்டு முறை வருவார். ஊரின் முதல் லிஃப்ட் ஓடத் தொடங்கிய நாளில் ஒரு முறை. அது அறுந்து விழுந்த நாளில் ஒரு முறை.

நான்கு மாடித் துணிக்கடை அது. லிஃப்ட் வந்த புதிதில் துணி வாங்குகிறவர்களைவிட ஏறிப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அவளும் சித்தியோடு அப்படி வந்தவள்தான். காக்கிச் சட்டை போட்டு, மடக்குக் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றவர், "துணி எடுக்கவா, சும்மா ஏறி இறங்கவா?" என்று கேட்டார். சித்தி பதில் தேடிக்கொண்டிருந்தபோது இவள், "ஏறிப் பாத்துட்டு சொல்றோம்," என்றாள். அன்று இறங்கும்போது ஒரு ஜாக்கெட் துணி வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அவர் பெண் கேட்டு வந்தார். "மேல கொண்டு போறேன்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டார். தரைத் தளத்துலயே வெச்சிருக்கார்," என்பது அவள் எல்லோரிடமும் சொல்லி வந்த வேடிக்கை. விபத்துக்குப் பிறகு அதை அவள் சொல்வதில்லை.

விபத்தில் அவருக்கு வலது கால் போனது போலத்தான்; இருக்கிறது, ஆனால் மடங்காது. பலருக்கு அடி. ஒரு பெண் இறந்துபோனாள். விசாரணையில் கம்பிவடம் தேய்ந்திருந்தது என்றார்கள். அதிலிருந்து சத்தம் வருவதாக மேனேஜரிடம் அவர் முன்பே சொல்லியிருந்ததும் தெரிய வந்தது. வழக்கு அப்படியே அடங்கிவிட்டது. ஆனால் மறுநாள் பத்திரிகையில் வந்த வரி அடங்கவில்லை: 'ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம் எனக் கூறப்படுகிறது.' கடை அவரைத் திரும்ப எடுக்கவில்லை. ஒரு வாகன நிறுத்தத்தில் கேட் திறந்து மூடும் வேலை கிடைத்தது. இவள் இரவல் மெஷினில் ஓரம் அடிக்க ஆரம்பித்து, பிறகு சொந்த மெஷின், பிறகு பள்ளிச் சீருடைகள் என்று வீட்டை இழுத்து வந்தாள். மகன் பள்ளிக்கூடத்தில் 'அறுந்த கயிறு' என்ற பட்டப் பெயரோடு படித்து முடித்தான். ஒரு நாள் அவன் சட்டையின் கிழிசலைத் தைத்தபோது, எப்படிக் கிழிந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எல்லாம் ஓய்ந்து வருகிற சமயத்தில்தான் இந்த நிகழ்ச்சி தொடங்கியது. முதல் வருடம் அவள் மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் ரேடியோவிலிருந்து அந்த வரியின் வால் மட்டும் காதில் விழுந்தது. பழைய பத்திரிகையிலிருந்து அப்படியே எடுத்து வாசித்திருந்தார்கள். வாங்கின சாமானைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். அடுத்த வருடத்திலிருந்து கரண்ட் போகத் தொடங்கியது.

இந்த வருடம் பீஸ் கட்டை போதாது என்று தெரிந்துவிட்டது. மருமகள் வந்து நாலு மாதம் ஆகிறது. அவள் கையில் எப்போதும் செல்போன், அதில் ரேடியோவும் உண்டு. மாமனாருக்கும் அவளுக்கும் ஒரே கூட்டணி.

"அத்தை, லிஃப்டு விழுந்து இருபத்தஞ்சு வருஷமாம். அடுத்த வாரம் அதத்தான் பெருசா சொல்லப் போறாங்களாம்," என்றாள் ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே. பிறகு, தான் யார் வீட்டு மருமகள் என்பது உறைத்து, கையிலிருந்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல அத்தை."

"சொல்லாத."

மறுநாள் தையற்காரம்மா வானொலி நிலையத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. படியேறிப் போய், மூச்சு வாங்க நிகழ்ச்சி தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்தாள். அவனுக்கு அவள் மகன் வயதிருக்கும்.

"லிஃப்ட்ல வந்திருக்கலாமேம்மா?"

"பழக்கமில்ல தம்பி." தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். "அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க. அவர் மேல தப்பில்லன்னு அப்பவே ஆயிடுச்சு."

"நாங்க பேப்பர்ல இருந்தத மாத்தக் கூடாதும்மா. ஒரு வரிய எடுத்தா, ஏன் எடுத்தேன்னு நாலு பேர் கேப்பாங்க. இருந்தா முழுசா இருக்கணும். இல்லன்னா மொத்தமா தூக்கிடணும்."

"அப்ப மொத்தமா தூக்கிடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். "இருபத்தஞ்சாவது வருஷம்மா."

"எனக்குத் தெரியாதா, எத்தனாவது வருஷம்னு?"

அவன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். "சரி, அழிச்சிட்டேன். அன்னிக்கு நீச்சல் குளம் இருக்கு, அத இழுத்துக்கறேன்."

படி இறங்கும்போது மூச்சே வாங்கவில்லை. வழியில் மகனுக்குப் பிடிக்கும் என்று பிஸ்கட் வாங்கினாள். அவன் இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பிக் கொடுத்தாள்.

அந்த நாள் வந்தது. அவர் முகத்தில் நுரையோடு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இருக்கே?"

"இருந்தா என்ன? ஈபி ஆபீஸ்ல சண்டை போட்டு நிறுத்தச் சொல்றீங்களா?"

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மடங்காத காலை நீட்டி, ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தி முடிந்தது. நீச்சல் குளம் வந்தது. அதில் முதலில் குதித்தவர் யார், அப்போது அனுமதிச் சீட்டு என்ன நிறம் என்றெல்லாம் இழுத்தார்கள். பிறகு ஒரு பஸ் தடம். பிறகு விளம்பரம்.

அவர் ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். குமிழைத் திருகினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டீ ஆறி ஆடை கட்டியது. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எங்க போயிட்டு வரீங்க?"

"சலூனுக்கு. அங்கயும் வரலையாம்."

"என்ன வரல?"

"நடிக்காத," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "நீ பீஸ் கட்டைய ஒளிச்சு வெச்ச ஒவ்வொரு வருஷமும் நான் சலூன்ல போய் உக்காந்து கேட்டுட்டுதான் வருவேன். உனக்கு நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் மெஷின் மேல் இருந்த துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "அந்தக் கடைசி வரியக் கேக்கவா அங்க போனீங்க?"

"அதுக்கு முன்னால ஒரு வரி இருக்கும்மா. அந்தப் பொண்ணப் பத்தி. இந்த ஊர்ல அந்தப் பொண்ண நினைக்க வேற யாரு இருக்கா? கடையையே இடிச்சாச்சு. வருஷத்துக்கு ஒரு தடவ ரேடியோக்காரன் வாயால வரும். இந்த வருஷம் அதுவும் போச்சு."

மருமகள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். "கதவ மூடிட்டேன். ஆள் நிறைஞ்சாச்சு. சாப்பிட்டுட்டு லேட்டா அந்தப் பொண்ணு ஓடி வருது. 'அண்ணே, ஒரு நிமிஷம்ணே, சம்பளத்துல புடிச்சுடுவாங்க'ன்னுது. திறந்து ஏத்திக்கிட்டேன். வடம் எப்படியும் அறுந்திருக்கும்னு விசாரணைல சொன்னாங்க. அறுந்திருக்கும். அந்தப் பொண்ணு உள்ள இருந்திருக்காது. அவ்வளவுதான். எனக்கு அந்தக் 'கவனக்குறைவு'ங்கற வார்த்தை ஒண்ணும் சுடல."

இருபத்தைந்து வருடமாக ஒரே பாயில் படுத்தவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. தையற்காரம்மா ஏதாவது பேசியிருக்கலாம். நான்தான் தூக்கச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். "டீ ஆறிடுச்சு, வேற போடறேன்," என்று உள்ளே போனாள்.

அதன் பிறகு அவர் ரேடியோ போடவில்லை. காலையில் அந்த நேரத்துக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. யாரும் எதற்கும் விழா எடுக்காத வீடு. மருமகள் செல்போனை நீட்டிப் பார்த்தாள். "வேணாம்மா," என்றார். சாப்பாட்டுத் தட்டில் பாதி மிஞ்சியது. "மாமாவ டாக்டர்கிட்ட காட்டணும் அத்தை," என்றாள் மருமகள். "டாக்டர் என்னத்தடி குடுப்பாரு?" என்று இவள் எரிந்து விழுந்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது. அதுவும் இவள் கணக்கில்தான் சேர்ந்தது.

அடுத்த வாரம் திரும்பவும் மூன்று மாடி ஏறினாள்.

"அத மறுபடி சேத்துடுங்க தம்பி."

தயாரிப்பாளன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "ரெண்டு வாரம் முன்னாலதானேம்மா அழிக்கச் சொன்னீங்க? இனி அடுத்த வருஷம்தான் வரும்."

"அடுத்த வருஷமே வரட்டும். இப்பவே எழுதி வெச்சிடுங்க. எழுதி வெச்சாச்சுன்னு நான் வீட்ல சொல்லணும்."

"பழைய பேப்பரைத் தேட இப்ப ஆளில்ல. நீங்களே சொல்லுங்க, அடிச்சுக்கறேன்." விரல்களை விசைப்பலகையில் வைத்தான். "கடை, தேதி இருக்கு. இறந்தவங்க?"

"ஒரு பொண்ணு."

"என்ன வயசு?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"கடைல என்ன வேலை பாத்தாங்க? வாடிக்கையாளரா?"

"கடைப் பொண்ணுதான்."

"எந்தப் பிரிவு?"

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேர்த்தது. கடைசி வரி ஒரு எழுத்து பிசகாமல் நினைவில் இருந்தது. கமா எங்கே வரும் என்றுகூடச் சொல்வாள். அதற்கு முந்தைய வரியில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பேப்பரில் படித்திருப்பாள். படிக்கும்போதே கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போயிருக்கும். பிறகு இத்தனை வருடமும் வீட்டில் அது 'அந்தக் கேஸ்'.

"கேட்டுட்டு போன் பண்றேன் தம்பி," என்று எழுந்தாள்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தையற்காரம்மா கைப்பையைக் கழற்றாமலே அவர் எதிரில் நின்றாள்.

"நான்தான் தூக்கச் சொன்னேன். ரேடியோக்காரங்ககிட்ட போய்."

அவர் திரும்பவில்லை. "அந்தக் கட்டைய ஒளிச்ச கைதானே. தோணுச்சு."

"திட்டிடுங்க."

"திட்டினா வந்துடுமா?"

"வரும். அடுத்த வருஷம். சேக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். ஆனா அந்தப் பொண்ணு எந்தப் பிரிவு, என்ன வயசுன்னு கேக்கறான். எனக்குத் தெரியலங்க."

இப்போது அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை.

"பத்தொம்பது. பட்டன் பிரிவு. எந்தச் சட்டைய நீட்டினாலும் டப்பாவப் பாக்காம கைய விட்டே ஜோடி பட்டன எடுத்துடும். கடைல எல்லாரும் பட்டன்னுதான் கூப்பிடுவோம்." அவள் மெஷினைப் பார்த்தார். "நம்ம பையனோட முதல் ஸ்கூல் சட்டைக்குப் பட்டன் அது எடுத்துக் குடுத்ததுதான். நீதான் தெச்ச."

அவள் மருமகளைக் கூப்பிட்டாள். மருமகள் வானொலி நிலையத்தின் எண்ணைப் போட்டு செல்போனைக் கையில் கொடுத்தாள்.

"தம்பி, எழுதிக்கங்க. பட்டன் பிரிவு. வயசு பத்தொம்பது. ஆமா, பட்டன், சட்டைக்கு வைக்கறது."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் கேட்டான். "கடைசி வரிம்மா? அந்த ஆபரேட்டர்..."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் குரல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இருந்தா முழுசா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள். "போடுங்க."

போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். நூல் ஊசிக்குள் போகவில்லை. நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி மறுபடி முயன்றாள்.

"அடுத்த வருஷம் பீஸ் கட்டைய எடுக்கக் கூடாது," என்றார் அவர் ஜன்னலிலிருந்து.

"எடுக்கல."

"அடுப்படில போய் நின்னுக்கவும் கூடாது. இங்க உக்காந்து கேக்கணும்."

"கேக்கறேன்."

"முழுசா."

மூன்றாவது தடவையும் நூல் தவறியது. மருமகள் குனிந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"முழுசாத்தாங்க," என்றாள் தையற்காரம்மா.